"இது நீங்க நடத்தலையே மிஸ்": மாற்றத்துக்கு ஈடுகொடுக்கப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

ஜூலை 6, ஒரு வாசகரின் கேள்வி

ஆறாம் வகுப்புக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தால் மளமளவென்று போடுகிறார்கள். அதே கணக்கைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் "இது நீங்க நடத்தலையே" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பீரியட் மாறினால்கூட முகம் வாடிவிடுகிறது. கூட வேலை பார்ப்பவர், "அடிக்கடி அதிர்ச்சி கொடுங்க, தன்னால பழகிடும்" என்கிறார். சொல்லாமல் டெஸ்ட், வாரா வாரம் இடம் மாற்றம், திடீரென்று குரூப் கலைப்பது. செய்யலாமா?

ஜூலை 6, இரவு 9:15

வேண்டாம். ஒரு வருடம் முழுக்க அதைத்தான் செய்து பார்த்தேன். திங்கட்கிழமை இடம் மாற்றம், புதன்கிழமை அறிவிக்காத டெஸ்ட், நடுவில் குரூப் கலைப்பு. உலகம் இப்படித்தான் இருக்கும், பழகட்டும் என்று மனதார நம்பித்தான் செய்தேன்.

இரண்டு மாதத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்னைப் படிக்க. வாசலில் நுழையும்போதே என் கையில் தாள்கட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், பையைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டேன். "எப்படியும் மாத்துவீங்கதானே மிஸ்." குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய பையின் ஜிப் மூடியே இருந்தது, பென்சில் பெட்டிகூட உள்ளேதான் இருந்தது. பாடத்துக்கு வராமல் பயணத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். கணக்கைத் திருப்பிக் கேட்டபோது அந்த வகுப்பும் "நடத்தலையே" என்றுதான் சொன்னது.

ஜூலை 7

நேற்றுக் கோபத்தோடு எழுதிவிட்டேன். கொஞ்சம் நிதானமாக.

மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது ஒரே திறமை இல்லை. ஆண்ட்ரூ மார்ட்டின் என்ற ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: புதிய, மாறுகிற, நிச்சயமில்லாத நிலைமையில் நினைப்பை மாற்றிக்கொள்வது, செய்கையை மாற்றிக்கொள்வது, உணர்ச்சியைச் சமாளிப்பது. எனக்கு இந்தப் பிரிப்பு மிகவும் உதவியது. பேனாவைக் கீழே வைக்கிற பிள்ளைக்கு மூன்றில் எது இடிக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். சிலருக்கு வேறு வழி தோன்றவே இல்லை. சிலருக்குத் தோன்றுகிறது, ஆனால் கை பழைய வழிக்கே போகிறது. சிலருக்கு எல்லாமே தெரியும், ஆனால் வயிற்றைப் பிசைகிறது. மூன்று பேரும் வெளியே ஒரே மாதிரிதான் தெரிவார்கள்: தலை குனிந்து, பேனா கீழே.

அதிர்ச்சி வைத்தியம் மூன்றாமவரை இன்னும் மோசமாக்கும். முதல் இருவருக்கு ஒன்றும் செய்யாது.

ஜூலை 9

செய்து பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட தண்ணீர்க் குடுவைக் கணக்குகள். ஒரு பீரியட் போதும், சாக்பீஸ் மட்டும் போதும்.

மூன்று குடுவை. அளவுக்கோடு கிடையாது. 21 லிட்டர், 127 லிட்டர், 3 லிட்டர். சரியாக 100 லிட்டர் வேண்டும். பிள்ளைகள் மல்லுக்கட்டுவார்கள், பிறகு ஒருவர் பிடித்துவிடுவார்: பெரியதை நிரப்பு, அதிலிருந்து 21-ஐ ஒரு முறை எடு, 3-ஐ இரண்டு முறை எடு. அடுத்து 14, 163, 25, வேண்டியது 99. அதே வழி. 18, 43, 10, வேண்டியது 5. அதே வழி. 9, 42, 6, வேண்டியது 21. 20, 59, 4, வேண்டியது 31. ஐந்தாவதற்கு வருவதற்குள் வகுப்பே பாட ஆரம்பித்துவிடும்: "நடுவுல இருக்கிறதை நிரப்பு, முதல்லது ஒண்ணு, கடைசிது ரெண்டு!"

இப்போது ஆறாவது: 23, 49, 3. வேண்டியது 20.

பழைய வழி வேலை செய்யும்: 49-இல் 23 போனால் 26, அதில் 6 போனால் 20. ஆனால் 23-இல் 3 போனாலே 20! என் வகுப்பில் நாலைந்து பேர்தான் பார்த்தார்கள். மற்றவர்கள் பாடிக்கொண்டே பழைய வழியில் போட்டு முடித்தார்கள். அதற்கடுத்தது 28, 76, 3, வேண்டியது 25. இதில் பழைய வழி தோற்றுவிடும், 42 வரும். குறுக்கு வழி மட்டும்தான் உண்டு. "கணக்கு தப்பு மிஸ்" என்று பத்துக் கை தூக்கியது.

லூச்சின்ஸ் கண்டதும் இதுதான். முதல் ஐந்தைப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் குறுக்கு வழியைப் பார்க்கவில்லை. ஐந்தைப் போடாமல் நேரே ஆறாவதுக்கு வந்தவர்கள் சுலபமாகப் பார்த்தார்கள். சிலரை மட்டும், கண்ணை மூடிக்கொண்டு போகாதே என்ற பொருளில் ஒரு வரியைத் தாளில் எழுத வைத்தார். அது சிலருக்கு உதவியது, எல்லோருக்கும் இல்லை. இந்தக் கடைசி விவரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். "யோசிச்சுப் போடு" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்!

ஜூலை 9, சற்று நேரம் கழித்து

ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். ஆறாவதை முடித்த பிறகு உடனே விடையை உடைக்காதீர்கள். "வேற யாராவது வேற மாதிரி போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். அந்த மௌனத்தில்தான் பிள்ளைகள் தங்கள் தாளைத் திரும்பப் பார்ப்பார்கள். "அட!" என்று ஒருவர் சொல்வார். அந்த "அட" ஆசிரியர் வாயிலிருந்து வரக்கூடாது.

ஜூலை 12

"பிள்ளைகளை ஏமாற்றுவது போல ஆகாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகும். எனக்கும் ஆனது.

முதல் தடவை செய்தபோது குறுக்கு வழியை நான் கொஞ்சம் வெற்றிக் குரலில் சொல்லிவிட்டேன். பின்பெஞ்சில் ஒரு பையன் தாளை நான்காக மடித்து, மடித்ததைக் கிழித்து, பைக்குள் போட்டுக்கொண்டான். அவன்தான் முதல் கணக்கின் வழியையே கண்டுபிடித்தவன். வகுப்பே அவன் சொன்ன வழியில்தான் ஐந்து கணக்குப் போட்டது. அந்த வழியை அவன் கண்ணெதிரே நான் சிறுமைப்படுத்திவிட்டேன்.

இப்போது சொல்வது வேறு. "இந்த வழி அஞ்சு தடவை நம்மளைக் காப்பாத்துச்சு. நல்ல வழி. மனசு அதைப் பிடிச்சுக்கிட்டது புத்திசாலித்தனம்தான். பெரியவங்களும் இதே மாதிரிதான் போட்டாங்க. இப்ப எந்த இடத்துல அதை இறக்கி வைக்கணும்னு பார்க்கலாம்." வழியைக் கண்டுபிடித்தவர் பெயரையே அதற்கு வைத்துவிடுவேன். பெயர் வைத்தால் ஒரு வசதி: "இங்க அந்த வழி வேணுமா?" என்று பிள்ளைகளே கேட்டுக்கொள்ள முடிகிறது. பெயரில்லாத பழக்கத்தை இறக்கி வைப்பது கஷ்டம்.

ஜூலை 20

அட்டை விளையாட்டு. உளவியல் ஆய்வில் 1948-இல் கிராண்ட், பெர்க் இருவரும் கொண்டுவந்த சோதனையின் எளிய வடிவம். அட்டைகளில் வடிவம், நிறம், எண்ணிக்கை மூன்றும் மாறும்: ஒரு சிவப்பு வட்டம், மூன்று பச்சை நட்சத்திரம், இப்படி. நால்வர் குரூப்பில் ஒருவர் நடுவர். அவர் மனதில் ஒரு விதி, "நிறப்படி" என்று வையுங்கள். மற்றவர்கள் அட்டையைப் பிரித்து அடுக்குவார்கள், நடுவர் "சரி", "தப்பு" மட்டும் சொல்வார். வழக்கமான சோதனையில் தொடர்ந்து பத்து சரியானதும் விதி சத்தமில்லாமல் மாறும். நான் ஆறிலேயே மாற்றச் சொல்கிறேன், பத்து வரை பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.

விதி மாறிய அந்த நொடியைப் பார்க்க வேண்டும். ஒரு பையனுக்கு "தப்பு" வந்தது. அதே மாதிரி இன்னொரு அட்டையை இன்னும் அழுத்தி வைத்தான், மேசையில் சத்தம் கேட்கிற மாதிரி. மறுபடி "தப்பு". அட்டையை எடுத்து முன்பின் பார்த்தான். மூன்றாவதையும் அங்கேயே வைத்தான். நான்காவதில்தான் கை அந்தரத்தில் நின்றது.

சின்னப் பிள்ளைகளிடம் இதைவிட வியப்பான ஒன்று நடக்கிறது. மூன்று வயதுக் குழந்தையிடம் முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்லிவிட்டு, இப்போது வடிவப்படி என்று சொன்னால், பழையபடி நிறத்துக்கே போகும். "புது விதி என்ன?" என்று கேட்டால் சரியாகச் சொல்லும்! வாய் புது விதியைச் சொல்லும், கை பழையதைச் செய்யும். 1990-களில் செலாஸோ என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் இதைக் காட்டினார்கள். ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் மாறிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலும் அவசரத்திலும் பயத்திலும் வாயும் கையும் பிரிவதை நான் பார்க்கிறேன். "தெரியும் மிஸ், ஆனா கை அப்படிப் போயிடுச்சு" என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை.

ஜூலை 21

திருத்தம். நால்வர் என்று எழுதினேன், ஐவர் வையுங்கள். ஐந்தாமவர் ஆடமாட்டார், எழுதுவார். விதி மாறியபோது ஆடுகிறவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுத வேண்டும். "கோவப்பட்டான்" என்று எழுதக்கூடாது, கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். ஒரு பெண் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: "உதட்டைக் கடிச்சான். நடுவரைப் பார்த்தான். மூச்சு விட்டான். அப்புறம் வேற அடுக்குல வெச்சான்." அந்தப் பையன் இதைப் படித்துவிட்டு, "நான் மூச்சு விட்டேனா?" என்று கேட்டான். அடுத்த வாரம் டெஸ்டில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டபோது வேண்டுமென்றே சத்தமாக மூச்சு விட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். வகுப்பே மூச்சு விட்டது. டெஸ்ட் அறையில் அவ்வளவு பெரிய காற்றை நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 2

இப்போது ஒரு பெரிய எச்சரிக்கை. என் முந்தைய குறிப்புகளைப் படித்தவர்கள், குடுவையும் அட்டையும் ஆடினாலே பிள்ளைகள் வாழ்க்கையில் வளைந்துகொடுப்பார்கள் என்று நினைத்திருந்தால், அந்தத் தவறு என் எழுத்தில்தான்.

ஒன்றில் கற்றது இன்னொன்றுக்குத் தானாகத் தாவுவது அரிது. தார்ன்டைக், உட்வொர்த் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1901-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். 1980-இல் கிக், ஹோலியோக் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரு கோட்டையைப் படை பல சிறு குழுக்களாகப் பிரிந்து பல பாதைகளில் வந்து பிடித்த கதையைப் படிக்க வைத்தார்கள். பிறகு, வலுவான கதிரைச் செலுத்தினால் உடம்பின் நல்ல திசுவும் அழிகிறது, கட்டியை மட்டும் எப்படி அழிப்பது என்று கேட்டார்கள். விடை அதே: பல திசையிலிருந்து மெல்லிய கதிர்கள். சற்று முன்புதான் படித்த கதை, ஆனாலும் பலருக்குத் தோன்றவில்லை. "அந்தக் கதை உதவும்" என்று ஒரு வார்த்தை சொன்னபோதுதான் பெரும்பாலானவர்கள் பிடித்தார்கள்.

எனவே விளையாட்டு, பேச ஒரு சந்தர்ப்பம் மட்டும்தான். "அன்னிக்கு அட்டைல நடந்த மாதிரி இப்ப இங்க நடக்குதா?" என்று பாடத்தின் நடுவில் யாராவது பாலம் போட வேண்டும். உண்மையான பயிற்சி பாடத்துக்குள்ளேதான் இருக்க வேண்டும். அதை நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5

நாளை என்று சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. தாள் திருத்தும் வாரம்.

முதல் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். "நடத்தலையே" எங்கிருந்து வருகிறது? நம் பயிற்சித் தாளிலிருந்து. "பரப்பளவு" என்று தலைப்புப் போட்டு இருபது கணக்கு. தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது: பெருக்கு. பிள்ளை கேள்வியைப் படிக்கவே வேண்டியதில்லை, இரண்டு எண் எங்கே என்று தேடினால் போதும். எந்த வழி என்று முடிவெடுக்கும் வேலையை வருடம் முழுக்க நாம் செய்துவிட்டு, தேர்வு நாளில் மட்டும் அவர்களைச் செய்யச் சொல்கிறோம்.

ரோரர், டெய்லர் 2007-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை ஒன்று உண்டு. நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிரிவு ஒவ்வொரு வகையாக முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு பிரிவுக்கு நான்கும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் தலைகீழ்: வகைவகையாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63.

அந்த 89-ஐப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். வகுப்பில் எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள், பாடம் முடிந்தது என்று நினைக்கிறோம்.

என் வகுப்பில் செய்வது இரண்டு. ஒன்று, வீட்டுப்பாடத்தில் தலைப்பை எடுத்துவிட்டேன். இன்று நடத்தியதில் மூன்று, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று, கலந்து. இரண்டாவது, வாரம் ஒரு நாள் "போடாத கணக்கு". பத்துக் கணக்கு கொடுப்பேன். யாரும் விடை கண்டுபிடிக்கக்கூடாது. முதல் அடி என்ன, ஏன், அது மட்டும் ஒரே வரியில். தோட்டத்துக்கு வேலி போட வேண்டும்: சுற்றளவு, ஏனென்றால் ஓரம் மட்டும். அதே தோட்டத்துக்குப் புல் வேண்டும்: பரப்பளவு, ஏனென்றால் உள்ளே முழுக்க. ஒரு பக்கம் ஏற்கெனவே சுவர் இருக்கிறது, இப்போது வேலி? ஒருவன் எழுதினான்: "சுற்றளவுதான், ஆனா முழுசா இல்ல, சுவர் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கும்."

முதல் மாதம் மதிப்பெண் விழுந்தது. அதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். ஒரு அப்பா நேரில் வந்து, "போன வருஷம் நல்லாத்தானே போட்டான்" என்றார். அவருக்கு மேலே சொன்ன நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நம்பினாரோ என்னவோ, தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 6

"அப்படியென்றால் ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவதே தவறா?" இல்லை. நேற்று எழுதியதில் அந்தத் தொனி வந்துவிட்டது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹதானோவும் இனாகாகியும் 1986-இல் இரண்டு வகைத் தேர்ச்சியைப் பிரித்துக் காட்டினார்கள். பழகிய வேலையை வேகமாக, பிழையில்லாமல் செய்வது ஒன்று. அது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்து, நிலைமை மாறினால் வழியையே புதிதாக உண்டாக்கிக்கொள்வது இன்னொன்று. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளையிடம் கணக்கைத் திருப்பிக் கேட்பது கொடுமை. முதல் மூன்று நாள் ஒரே மாதிரி போடட்டும், கை சூடாகட்டும். நான்காம் நாள் கலக்குங்கள்.

ஆகஸ்ட் 18

சிறு கிளைக்கதை. மொழி வகுப்பு எடுக்கும் தோழி செய்வது. ஒரே செய்தி, உதாரணமாக "நாளைக்கு வர முடியாது". அதைத் தலைமையாசிரியருக்குக் கடிதமாக, நண்பனுக்கு வாய்மொழியாக, மூன்று வயதுத் தம்பிக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒரு மூச்சில் மாறுகிறார்கள். "வணக்கத்திற்குரிய" என்று நிமிர்ந்து உட்கார்ந்தவன் அடுத்த நொடி "டேய், நாளைக்கு நான் வரலடா" என்று பெஞ்சில் சாய்கிறான். கட்டுரைக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ் என்று பேசத் தொடங்கிய காலத்திலிருந்து மாற்றி மாற்றிப் பழகியவர்கள் நாம். வளைந்துகொடுக்கத் தெரியாத பிள்ளை என்று நான் முத்திரை குத்திய ஒருவன் அன்று மூன்று குரலில் பேசினான். அவனைப் பற்றி அப்படிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 3

குரூப் வேலை பற்றிக் கேட்டவருக்கு. நடுவில் பொறுப்பை மாற்றுவது நல்ல பயிற்சிதான்: வரைகிறவர் எழுதட்டும், எழுதுகிறவர் பேசட்டும். ஆனால் வெறுமனே "மாத்திக்கோங்க" என்றேன், ஒரு பெண் அழுதுவிட்டாள். பாதி வரைந்த படம், அடுத்தவன் கையில் ஸ்கெட்ச் பேனாவோடு.

இப்போது மாற்றத்துக்கு முன் மூன்று நிமிடம் ஒப்படைப்பு. "இதுவரைக்கும் செஞ்சது, அடுத்துச் செய்யலாம்னு நெனச்சது, தொடக்கூடாதது." மூன்று வரி எழுதிக் கையில் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். "தொடக்கூடாதது: மலையோட நிழல்" என்று ஒரு சீட்டு பார்த்தேன். வாங்கியவன் கடைசி வரை அந்த நிழலைத் தொடவில்லை.

செப்டம்பர் 15

மதிப்பெண் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுத வேண்டியதுதான்.

240-இல் 15 சதவீதம். ஒரு பிள்ளை எழுதியது: பத்து சதவீதம் 24, அதில் பாதி 12, ஆக 36. நான் ஒரு மதிப்பெண் குறைத்தேன், "சூத்திரம் எழுதவில்லை" என்று. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த டெஸ்டில் சூத்திரம் எழுதி, அதில் பெருக்கல் பிழை செய்து, விடையைத் தப்பாக எழுதியிருந்தாள். சரியாக யோசித்த ஒரு பிள்ளையைச் சிவப்பு மை ஒரே வாரத்தில் திருத்திவிட்டது. பழைய தாளைக் கேட்டு வாங்கி மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பு முன்னால் காரணத்தைச் சொன்னேன்.

வழி ஒன்றுதான் என்று தாளில் சொல்லிக்கொண்டே, வளைந்துகொடு என்று வாயால் சொன்னால் பிள்ளைகள் தாளைத்தான் நம்புவார்கள். இப்போது மாதம் ஒரு டெஸ்டில் ஒரு கேள்விக்கு, இரண்டாவது வழியில் போட்டால் கூடுதல் மதிப்பெண் உண்டு.

அக்டோபர் 4

பாதி வருடத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். மூன்று வருடத்தில் நான்காவது பள்ளி. புது இடம், புது ஆசிரியர், புது நோட்டு, எதற்கும் கலங்கவில்லை. முதல் நாளே யார் தலைவர், எந்த மிஸ் எப்படி, தண்ணீர் எங்கே என்று தெரிந்துகொண்டான். பட்டியல் போட்டுப் பார்த்தால் வகுப்பிலேயே மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதில் முதலிடம் அவனுக்கு. ஆனால் நோட்டில் பெயர் எழுதவில்லை. பென்சிலால்கூட எழுதவில்லை. மடியில் பையை வைத்திருந்த அந்தப் பெண் எனக்கு உடனே நினைவுக்கு வந்தாள்.

அவனுக்கு மாற்றத்தில் பயிற்சி தேவையில்லை. அசையாத ஒன்று தேவை. ஜன்னல் ஓர இடத்தைக் கொடுத்து, "இது உன் இடம், வருஷம் முடியற வரைக்கும்" என்றேன். மற்றவர்களுக்கும் இடம் மாற்றுவதை அப்போதே விட்டுவிட்டேன்.

மாற்றம் உண்மையாகவே உடம்பை உலுக்குகிற பிள்ளைகளும் உண்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு இப்படி. அவர்களுக்காகத்தான் கரும்பலகை மூலையில் இரண்டு கட்டம் போட ஆரம்பித்தேன். "இன்னிக்கு மாறுவது", "இன்னிக்கு மாறாதது". மாறுவது: மூன்றாம் பீரியட் விளையாட்டு இல்லை, நூலகம். மாறாதது: உட்காரும் இடம், கடைசி ஐந்து நிமிடக் கதை, வீட்டுக்குப் போகும் நேரம். ஒரு சிலருக்காகப் போட்டது, எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் மறந்தால் யாராவது எழுந்து வந்து கோடு போட்டுவிடுகிறார்கள். எப்போதும் இரண்டாவது கட்டத்தைப் பெரிதாக.

முதல் கேள்வி கேட்டவருக்கு: வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், மற்றதை அசையாமல் வையுங்கள்.

அக்டோபர் 11

ஒருவர் எழுதியிருக்கிறார்: "வெளி உலகம் முன்கூட்டியே கட்டம் போட்டுச் சொல்லுமா?" சொல்லாது. நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன்.

கட்டம் என்றைக்கும் நான் போட்டுக்கொண்டே இருப்பதற்கு இல்லை. இரண்டாம் பருவத்தில் முதல் கட்டத்தை மட்டும் நான் நிரப்புகிறேன், இரண்டாவதைப் பிள்ளைகள் நிரப்புகிறார்கள். போன வாரம் நான் வரவேண்டிய பீரியடுக்கு வேறு ஆசிரியர் போக வேண்டியதாயிற்று, யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னார்: உள்ளே போனதும் ஒரு பெண் எழுந்து, இரண்டு கட்டத்தையும் போட்டு, "மாறுவது: மிஸ். மாறாதது: நாங்க, கணக்கு, மணி" என்று எழுதிவிட்டு உட்கார்ந்தாளாம்.

அக்டோபர் 27

அட்டை விளையாட்டை மறுபடி ஆடினோம். அந்தப் புதுப் பையன் முதல் தடவையாக நடுவர். ஆட்டத்துக்கு முன் என்னிடம் வந்து காதருகில் கேட்டான்: "விதியை மாத்தியே ஆகணுமா மிஸ்?" உன் இஷ்டம் என்றேன்.

ஆறு சரி ஆனது. மாறும் என்று எல்லோருக்கும் தெரியும், உஷாராகிவிட்டார்கள். ஒருத்தி நிறத்தை விட்டு வடிவத்துக்குத் தாவினாள். "தப்பு." அடுத்தவன் எண்ணிக்கைக்குப் போனான். "தப்பு." மறுபடி வடிவம், மறுபடி எண்ணிக்கை. ஐந்தாவது தப்பில் குரூப்பே அவனை முறைத்தது. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒருவன் தயங்கித் தயங்கிப் பழையபடி நிறத்தில் வைத்தான். "சரி."

"மாத்தவே இல்லையாடா?" என்று கத்தினார்கள். அவன் சிரித்தான். வந்து சேர்ந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் இத்தனை மாதம் மாற்றுவதை மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, மாறத் தேவையில்லாத இடத்தில் நிற்பதைப் பயிற்சி கொடுக்கவே இல்லை. அட்டை விதிமுறையில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: நடுவர் விரும்பினால் விதியை மாற்றாமலும் இருக்கலாம். குடுவைக் கணக்கிலும் ஆறாவதற்கு அப்புறம் பழைய வழி மட்டுமே செல்லுபடியாகும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 17, 60, 4, வேண்டியது 35. சரிபார்த்துவிட்டேன்: 60-இல் 17 போனால் 43, இரண்டு தடவை 4 போனால் 35. குறுக்கு வழியில் 17-இல் 4 போனால் 13, இரண்டையும் கூட்டினால் 21, அவ்வளவுதான் வரும்.

புதன்கிழமை வகுப்பில் கொடுக்கப்போகிறேன். ஜன்னல் ஓரத்து நோட்டில் பெயர் வந்துவிட்டது, பேனாவில்.